அடைக்காத குழாயும் என் கெட்டிக் கஞ்சியும்

என் அன்பு மாமிக்கு, ஏற்காட்டுக் குளிரிலிருந்து உங்கள் மருமகளின் சலாம்.

முதலில் ஜெயித்த கதையைச் சொல்லிவிடுகிறேன். மாமாவின் மூக்கிலிருந்த குழாயை எடுத்துவிட்டார்கள். இதை உங்களிடம் சொல்லாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

நீங்கள் எங்களை விட்டு மௌத்தாகிப் போன பிறகு மாமாவுக்குப் பக்கவாதம் வந்தது. வாயில் எதைக் கொடுத்தாலும் புரையேறியது. சேலம் ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் போட்டு, அதில்தான் உணவு என்று சொல்லி அனுப்பினார்கள். அது சீக்கிரமே அடைத்துக்கொண்டது. மறுபடி மலையிறங்கிப் போய் வேறு போட்டோம். திரும்பி வரும் வழியில் மாமா என் கையைப் பிடித்து, குழாயைத் தொட்டுக் காட்டி, இனி வேண்டாம் என்று தலையாட்டினார். அவர் பிடிவாதம் உங்களுக்குத் தெரியாதா? இதுவும் அடைத்தால் இன்னொன்றைப் போட விடமாட்டார். பட்டினிதான்.

கொட்டச்சேட்டிலிருந்து வரும் நர்ஸ் செல்வி சொன்னதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். உணவுக்கு முன்னும் பின்னும் சிரிஞ்சில் வெதுவெதுப்பான தண்ணீர் விட வேண்டும். மாத்திரைகளை மாவாகப் பொடித்துக் கரைத்து ஒவ்வொன்றாகத்தான் கொடுக்க வேண்டும், நடுவிலும் தண்ணீர். வீட்டு முன்னால் இருக்கும் நம் கடையில் ஆள் நின்றாலும் அப்படியே விட்டுவிட்டு உள்ளே ஓடிவிடுவேன்.

அப்புறம் நோன்பு வந்தது. பள்ளிவாசலில் கஞ்சி வாங்கி வந்த உங்கள் மகனுக்கு, அத்தா குடிக்காமல் தான் குடிக்க மனம் வரவில்லை. துணியில் வடிகட்டிக் குழாயில் விட்டுவிட்டார். நோன்புக் கஞ்சி ஆற ஆற இறுகாதா? குழாய் அடைத்தே விட்டது.

"கம்பி ஏதாச்சும் உட்டுக் குத்திப் பாக்கட்டுமா?" என்றார், முகம் வெளிறி.

"சும்மா இருங்க. குழாய் கிழிஞ்சிரும், உள்ளயும் குத்திரும்," என்று சொல்லிவிட்டுச் செல்விக்குப் போன் போட்டேன்.

"பயப்படாதீங்க அக்கா. வெதுவெதுன்னு தண்ணி எடுத்து நொம்ப மெதுவாத் தள்ளுங்க, மெதுவா இழுங்க. வேகமா அழுத்திராதீங்க. செத்த நேரம் ஊற உட்டு மறுக்காப் பாருங்க," என்றாள்.

தள்ளினேன், இழுத்தேன், ஊற விட்டேன். மாமா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நோன்பு திறக்கும் மஃரிப் பாங்கு கேட்கும்போது தண்ணீர் சரசரவென்று இறங்கியது. பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன் மாமி.

அதற்குப் பிறகு அது அடைக்கவே இல்லை. பெருநாளுக்குச் சற்று முன்னால், மாமா விழுங்குவதைச் சோதித்துப் பார்த்த டாக்டர் குழாயை எடுத்துவிட்டார். எடுத்துவிட்டு என்ன சொன்னார் தெரியுமா? "தண்ணியா எதுவும் குடுக்காதீங்கம்மா, புரையேறும். கட்டியில்லாம, நல்லாக் கெட்டியாக் கஞ்சி வெச்சுக் குடுங்க."

என் கஞ்சியை வைத்துப் போஸ்டர் ஒட்டலாம் என்று சொந்தக்காரர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரித்தீர்களே. இப்போது அதுதான் டாக்டர் சொன்ன கஞ்சி.

கடைசி நோன்பன்று மாமாவை நிமிர்த்தி உட்காரவைத்து, நானே வைத்த நோன்புக் கஞ்சியை மசித்துக் கரண்டியில் கொடுத்தேன். உங்கள் மகன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாமா விழுங்கினார். இருமவில்லை. கொஞ்சம் பொறுத்து, குழறினாலும் எங்கள் இருவருக்கும் கேட்கும்படி சொன்னார்: "உப்புப் பத்தல கண்ணு."

நீங்கள் இருந்திருந்தாலும் அதைத்தானே சொல்லியிருப்பீர்கள்?

உப்பைக் கூட்டிவிடுகிறேன் மாமி. கெட்டியை மட்டும் குறைக்கமாட்டேன்.

மாமாவைப் பட்டினி போடாத
உங்கள் மருமகள்,
ஜமீலா