பொன்னி கேட்ட சந்தேகம்

12 ஜூலை 2009, ஞாயிறு
சிதம்பரம் தெற்கு வீதியில் இன்று 'கெடிலம்' பயனர் கூட்டம். இணையதளம் கட்ட யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்தாளக்கூடிய சட்டகம் அது. குத்துவிளக்கு ஏற்றாமல் அதைப் பற்றிப் பேசக் கூடாது போலிருக்கிறது. எனக்குப் பொன்னாடை வேறு. பேசி முடித்து, சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றேன். மண்டபமே தலையைக் குனிந்துகொண்டது.

சாப்பிட்டுக் கை கழுவும் இடத்தில் ஆரம்பித்தார்கள். முதலில் சபாபதி, மேல்பட்டாம்பாக்கத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருப்பவர். "மேடம், தனியா ஒண்ணு கேக்கணும். டேட்டாபேஸ்ல போட்டா தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியா வருது." அவர் நகர்ந்தார், அடுத்தவர் வந்தார். அதே கேள்வி, அதே தணிந்த குரல். வெளியே சொல்லக்கூடாத வியாதி போல.

16 ஜூலை
ராஜகணேஷிடமிருந்து மெயில். கெடிலத்தை எழுதியவன், கல்லூரியில் எனக்கு இளையவன், இப்போது சிங்கப்பூரில். "அக்கா, மடற்குழுவுல உங்க அறிவிப்பத் தவிர ஒண்ணுமே இல்ல. யாருமே யூஸ் பண்ணல போலருக்கு. டிசம்பரோட நிறுத்திடலாம்னு இருக்கேன்."

ஒருவர் எழுதினால் எல்லோருக்கும் போகும் மெயில் குழு அது, பொறுப்பு என்னுடையது. யூஸ் பண்ணவில்லையா? காலையிலிருந்து என் போன் ஓயவில்லை. அது அவனுக்கு எப்படித் தெரியும்? கடலூரில் நான் கட்டிக்கொடுத்த தளங்கள் — லாட்ஜ், உரக்கடை, திருவந்திபுரம் கல்யாண மண்டபம் — எல்லாம் இதன் மேல்தான் நிற்கின்றன. இவன் நிறுத்தினால் நான் கடையை மூட வேண்டியதுதான்.

20 ஜூலை
சபாபதி போன். குழுவில் கேளுங்கள் என்றேன்.

"எப்படி மேடம்? எங்கிட்ட படிக்கிற பசங்களும் அதுல இருக்கானுங்க. சாருக்கே தெரியலன்னு சிரிப்பானுங்க."

"தெரியாததத்தான கேக்கறீங்க?"

"அதான் ஒங்களுக்கு போன் பண்றேன்."

இவர் சொல்லிக்கொடுத்து ஒரு தலைமுறை உருவாகிறது.

21 ஜூலை
இனி போனில் பதில் கிடையாது. எல்லோருக்கும் சொல்லிவிட்டேன்.

8 ஆகஸ்ட்
போன் நின்றது. குழுவும் அப்படியே கிடக்கிறது. சபாபதி வேறு சட்டகத்துக்கு மாறப்போகிறாராம். "மேடத்துக்குத் திமிரு ஜாஸ்தின்னு சொல்றாரு," என்றாள் காயத்ரி, சிரிப்பை அடக்கிக்கொண்டு. என் கடையில் வேலை செய்கிறாள். அவளும் குழுவில் இன்றுவரை ஒரு வரி எழுதியதில்லை.

திமிர்தான். இருக்கட்டுமே. இந்தப் பயந்தாங்கொள்ளிகள நம்பி எதுக்குத்தான் எறங்கினேனோ.

சாப்பிடும்போது என் வீட்டுக்காரர் சொன்னார்: "நீயே வேற பேர்ல கேட்டுட்டுப் போயேன். மானம் போனா அந்தப் பேரோட போவட்டும்." கேலிக்குத்தான்.

10 ஆகஸ்ட்
பொன்னி, நெல்லிக்குப்பம். புது மெயில் முகவரி. "ஐயா, நான் இதற்குப் புதிது. தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாக வருகிறது. என்ன தப்பு செய்கிறேன் என்றே தெரியவில்லை."

அனுப்பும்போது எனக்கே கூசியது. எனக்கு என்னத்துக்குக் கூச வேண்டும்?

12 ஆகஸ்ட்
மாறப்போகிற சபாபதியின் பதில் ஒரு முழுப் பக்கம். "சகோதரி பொன்னி அவர்களுக்கு, இது மிக எளிது..." கை கழுவும் இடத்தில் நான் சொன்னதையே எழுதியிருக்கிறார், ஓரிடத்தில் தப்பாக. அதைத் திருத்தி இன்னொருவர். அவரைத் திருத்தி மற்றொருவர். கேட்கத்தான் வெட்கம், வாத்தியாராவதற்கு அடிதடி.

4 அக்டோபர்
பொன்னி அடிக்கடி கேட்கிறாள். அவளைப் பார்த்து நிஜமான ஆட்களும் — "பொன்னி மேடம் சொன்ன அதே பிரச்சினை எனக்கும்..." நேற்று காயத்ரிகூட. என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, என்னிடம் கேட்காமல்.

நான் என் பேரில் பதில் போட்டால் மட்டும் பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது.

14 டிசம்பர்
ராஜகணேஷ் நிறுத்தவில்லை. புதிய பதிப்பு மார்ச்சில் வருகிறதாம். கூடவே இதுவும்: "அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. குழுப் பொறுப்ப அந்தப் பொன்னிகிட்ட குடுத்துடலாமா? உங்களுக்கு எல்லாம் தெரியும், ஆனா ஆளுங்க உங்களப் பாத்து பயப்படறாங்க. சபாபதி சாரும் அதான் சொல்றாரு."

சபாபதி சாரும்.

அவளிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று பதில் எழுதினேன்.