இடி இறங்கிய மேட்டு நிலம்

அக்கா,

இன்று மத்தியானம் கோட்டை மலைக்குப் பின்னால் வானம் கறுத்தது. காற்றில் ஈர மண் வாசனை. புழுதியில் விதைத்த நெல் இந்த மழைக்குத்தான் காத்துக் கிடக்கிறது. ஆனாலும் அந்த வாசனை வந்ததுமே நான் வாசலை விட்டு உள்ளே வந்துவிட்டேன்.

மலையடி நிலத்தில் போர்க் கிணறு வற்றியபோது, நம் வீட்டுக்காரர்கள், அண்ணனும் தம்பியும், இன்னும் ஆழமாகப் போடலாம் என்றார்கள். நீதான் குறுக்கே நின்றாய். "உறிஞ்சிக்கினே போனா பசங்களுக்கு இன்னா மிச்சம்? வானத்துத் தண்ணிய நிறுத்திக் காட்டறோம், பாருங்க." ஓரகத்திகள் நாம் இரண்டு பேரும் சரிவுக்குக் குறுக்கே வரப்புகள் போட்டோம். உரத்துக்காகச் சணப்பைச் செடி விதைத்து, பூக்கும்போது மண்ணோடு மடக்கி உழுதோம். அந்த வருஷம் போர்த் தண்ணீர் ஒரு சொட்டு இல்லாமல் விளைந்த நெல்லைப் பார்க்கப் பக்கத்து ஊரான சிங்கவரத்து ஆட்களே வந்தார்கள். நீ கதிரைக் கையில் ஏந்திச் சிரித்தாய்.

மறு வருஷம் இதே மாதிரி ஒரு மத்தியானம்தான். மழைத் தண்ணீர் மேல் வரப்பை உடைத்தது. "நீ போயி மாட்ட அவுத்து ஓட்டிக்கினு போ. நான் இத்த அடைச்சிட்டு வரேன்" என்றாய். நான் வயலோரப் புளியமரத்தைக்கூடத் தாண்டவில்லை, மின்னலில் கண் கூசியது, கூடவே இடி இறங்கியது. திரும்பினால் நீ குனிந்த இடத்திலேயே விழுந்து கிடந்தாய். கூப்பிட்டுக்கொண்டே ஓடி வந்தேன், அக்கா. நான் வந்து தூக்குவதற்குள் நீ போய்விட்டாய்.

இன்றைக்கு முதல் இடி விழுந்ததும் கதவை அடைத்து உட்கார்ந்துவிட்டேன். "வரப்பு பிச்சிக்கிச்சுன்னா வெதையெல்லாம் பூடும். நான் போயிட்டு வந்துடறேன்" என்று என் வீட்டுக்காரர் மண்வெட்டியை எடுத்தார். அவர் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "வெத போனா போவட்டும். இடி நிக்காம நீ வெளிய காலு வெக்காத!" கத்தியது நான்தானா என்பதுபோல் பார்த்தார். பிறகு மண்வெட்டியைச் சாய்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். மலையிலிருந்து தண்ணீர் இறங்கும் இரைச்சலை இருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

இடி அடங்கி வெகுநேரம் கழித்துப் போனோம். மேல் வரப்பு உடைந்து, அந்தத் துண்டில் விதை முழுதும் போயிருந்தது. கீழ் வரப்புகள் தாங்கி நின்றன. நீ விழுந்த இடத்தில் குனிய என் உடம்பு மறுத்தது. குனிந்தேன். மண்ணை அள்ளிப் போட்டு அடைத்தேன்.

போன விதையைத் திரும்ப விதைத்துக்கொள்ளலாம். பயம்தான் போகாது போலிருக்கிறது. களையெடுப்பு நாட்களில் வானம் லேசாக உறுமினாலே எல்லாப் பெண்களையும் விரட்டிக்கொண்டு ஊர்ப்பக்கம் இறங்குகிறேன். அவர்கள் சிரிக்கிறார்கள். நான் நடந்துகொண்டே ஆட்களை எண்ணுகிறேன். எத்தனை முறை எண்ணினாலும் ஓர் ஆள் குறைகிறது, அக்கா.