உமது தம்பியின் கூடாரம்

ரொறன்ரோ,
12.8.1993

அன்புள்ள மனோரஞ்சிதத்துக்கு,

நான் சுகம். உமது முழங்கால் வீக்கம் வற்றியதா என்று எழுதும்.

சனிக்கிழமை உமது தம்பி தயாளன் எங்களை ஏரிக்கரைப் பூங்காவொன்றில் கூடாரமடித்துத் தங்கக் கூட்டிப்போனார். மழை வந்தால் தண்ணீர் எங்கே தேங்கும் என்று நான் நிலத்தின் சரிவைப் பார்த்து நடந்தேன். "அத்தான் இஞ்சையும் காணி அளக்கிறார். இது விக்கிற காணியில்லை எண்டு சொல்லுங்கோ!" என்று தன் சிநேகிதர்கள் முன்னால் சிரித்தார். அவருடைய வீட்டின் கீழ்த்தளத்தில், பேஸ்மென்டில், இருப்பதால் இரண்டு வருடமாக இப்படியான நக்கல்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவர் பள்ளத்தில் கூடாரமடித்தார். முப்பது வருடம் நில அளவையாளராக இருந்த நான் வாய் திறக்கவில்லை. என் சிறு கூடாரத்தை மேட்டில் அடித்தேன்.

மத்தியானம் மழை கொட்டியது. தயாளன் நனைந்த தலையணையோடு ஓடி வந்தார். "அத்தான், உள்ளுக்கு விடுங்கோ!"

கையிலிருந்த பூங்கா விதித்தாளின் ஆங்கிலப் பக்கத்தை வாசித்து முடித்தேன். பிறகு பிரெஞ்சுப் பக்கத்தையும் ஆறுதலாக, வரி வரியாகப் பார்த்தேன். எனக்குப் பிரெஞ்சு தெரியாது. அதன் பிறகே கூடார வாசலின் சிப்பை இழுத்துத் திறந்தேன்.

செய்தது சரியோ தெரியவில்லை. மறுபடி மழை வந்தாலும் அப்படித்தான் செய்வேன்.

யாராவது இங்கே வந்தால் என் கம்பளிப் பனியனையும், நீளமாக ஒரு கடிதமும் கொடுத்துவிடும். தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. தயாளன் உமக்கு முறைப்பாடு எழுதுவார். அத்தனையும் உண்மை. அவருக்குப் பரிந்து மட்டும் எழுத வேண்டாம்.

அன்புடன்,
சபாநாதன்