ஹார்ட் டிஸ்க்கை நானே மாற்றினேன்

புதன்கிழமை, கரமனை

லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க்கை இன்று நானே மாற்றிவிட்டேன். தம்பானூரில் லேப்டாப் பழுதுபார்க்கும் மலையாளிக் கடைக்காரர், "சேச்சி, இது வீட்டில செய்யற பணியல்ல" என்று அக்காவுக்குச் சொல்வதுபோல் சொல்லி, ஒரு வாரம் விட்டுப்போகச் சொன்னார். வெள்ளிக்கிழமை பதிப்பகத்துக்கு மொழிபெயர்ப்பை அனுப்ப வேண்டியவள் எப்படி விட்டு வருவேன்? புது டிஸ்க்கை மட்டும் வாங்கிவந்து, பழையதில் இருந்த எல்லாவற்றையும் நேற்றே அதில் காப்பி செய்துவிட்டேன்.

இன்று மதியம் பின்மூடியைத் திறந்து, கழற்றிய திருகாணிகளை இட்லித் தட்டின் குழிகளில் வரிசையாக வைத்தேன். புது டிஸ்க்கைப் பொருத்தி மூடி ஆன் செய்தால், டிஸ்க்கே இல்லை என்றது திரை. நான் பதறவில்லை. மறுபடி திறந்து பார்த்தேன். டிஸ்க் முழுதாக உள்ளே போகவில்லை. அழுத்தியதும் எல்லாம் வந்துவிட்டது.

அதற்குள் என் கணவர் பதிப்பகத்துக்கு ஃபோன் செய்து, வேலை தாமதமாகும் என்று சொல்லிவிட்டார்.

"ஏன்னா, என்னைக் கேக்காம எதுக்குச் சொன்னேள்?"

"நீ ரெண்டாந்தரம் திறந்ததைப் பார்த்தேன். இனி சரியாகாதுன்னு நெனச்சுட்டேன்."

அதுதான் இன்னும் உறுத்துகிறது. கூடவே இருப்பவருக்கு என்மேல் நம்பிக்கை அவ்வளவுதானா?

சாயங்காலம் காப்பி குடிக்கும்போது மெல்லக் கேட்டார்: "என் லேப்டாப்பும் ரொம்ப ஸ்லோவா இருக்கு. பாக்கறியா?"

"மொதல்ல அவாகிட்டப் பேசி, தப்பாச் சொல்லிட்டேன்னு சொல்லுங்கோ."

உடனே பேசினார். "அவள் தன்னே சரியாக்கி", அவளே சரிசெய்துவிட்டாள் என்று அவர் மலையாளத்தில் சொன்னது சமையலறைவரை கேட்டது. குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

இருந்தாலும் அவர் லேப்டாப்பை ஞாயிற்றுக்கிழமைதான் திறப்பேன்.