தோடு என்றொரு இனாம் பத்திரிகை

திருப்பதி,
16-10-2005

அன்பு மகள் யமுனாவுக்கு நைனா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நல்ல சுகம். அங்கே நீயும் ரீட்டாவும் சுகமாக இருக்க ஏழுமலையானை வேண்டிக்கொள்கிறேன். இந்த வரியில் இரண்டாவது பெயரை எழுத எனக்கு இரண்டு வருஷமும் ஏழு மாதமும் ஆகியிருக்கிறது. சிகாகோவில் ரீட்டாவோடுதான் வாழ்கிறேன், இனி வேறு கல்யாணம் இல்லை என்று 2003 யுகாதிக்கு முன்னால் நீ எழுதிய கடிதம் கடை விலாசத்துக்கு வந்தது. கிடைத்ததா என்று நீ போனில் கேட்டபோது கிடைத்தது என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேச்சை மழைக்கு மாற்றினேன். அதற்குப் பிறகு நீயும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் அங்கே பனியா என்பேன், இங்கே வெயிலா என்பாய், போனை அம்மாவிடம் கொடுத்துவிடுவேன். நீ பயந்து பயந்து படிக்க வேண்டாம் என்பதற்காக நல்ல செய்தியை முதலிலேயே எழுதிவிடுகிறேன். அம்மாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. புத்தூர் சம்பந்தம் வேண்டாம் என்று அவளே நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்துவிட்டாள். வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எப்படித் தெரிந்தது என்பதுதான் கதை, அதற்கு நம் கடைக்கு வந்த ஒரு பத்திரிகையைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும்.

நீ ஊரை விட்டுப் போன இரண்டாவது வருஷம், ஸ்ரீஹரி என்று ஒருவர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிற நம் பேப்பர் கடைக்கு ஒரு சின்னக் கட்டோடு வந்தார். காலேஜ் ஆபீசில் கிளார்க் வேலை, முப்பது வயது இருக்கும், ரொம்ப மரியாதையான ஆள். நாலு பக்கப் பத்திரிகை, இரண்டு பக்கம் தெலுங்கு, இரண்டு பக்கம் தமிழ், மேலே பெரிய எழுத்தில் தோடு என்று போட்டிருந்தது. நகைக்கடை விளம்பரம் என்று நினைத்து எந்தக் கடை என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, தெலுங்கில் தோடு என்றால் துணை, நீங்கள் தமிழில் படித்துவிட்டீர்கள் என்றார். கீழே பொடி எழுத்தில் ஆணை விரும்பும் ஆண்களுக்கும் பெண்ணை விரும்பும் பெண்களுக்கும் அரவாணிகளுக்குமான மாதப் பத்திரிகை, இனாம் என்று இருந்தது. அதற்கு மேல் நான் படிக்கவில்லை, கண்ணை எடுத்துவிட்டேன். முப்பது வருஷமாகப் பேப்பர் விற்கிறேன், விலை இல்லாத பேப்பரைத் தொட்டதில்லை, ஏன் இனாம் என்று மட்டும் கேட்டேன். "வெல போட்டா உங்ககிட்ட வாய் தொறந்து கேக்கணும் நைனா. இனாம்னா பஸ்ஸுக்குப் போற மாதிரி போய்க்கினே எடுத்துக்கலாம்" என்றார். முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல எனக்கு வராது என்பது உனக்குத் தெரியும். சினிமாப் புத்தகங்களுக்குக் கீழே ஓர் ஓரத்தில் போட்டு வைத்தேன், மாசம் முடிந்ததும் பழைய பேப்பரோடு போட்டுவிடலாம் என்றுதான் எண்ணம்.

ஆனால் கட்டு குறைந்தது. அதை விட ஆச்சரியம், குறைந்தது திரும்பி வந்தது. பலமனேரில் பால் சொசைட்டியில் வேலை செய்கிற சம்பத் என்பவர் மாதம் தவறாமல் இரண்டாம் சனிக்கிழமை பஸ் பிடித்து வருவார், கடைக்குப் பின்னால் இருக்கிற பெஞ்சில் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிப்பார், மடித்து எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விடுவார். இனாம்தானே, வீட்டுக்கு எடுத்துப் போங்களேன் என்று ஒரு நாள் சொன்னேன். வீட்டில் அதை வைக்க ஓர் இடம் இல்லை என்றார். அவரைப் போலக் குப்பத்திலிருந்தும் சந்திரகிரியிலிருந்தும் ஆட்கள் வந்து படித்துவிட்டு வைத்துவிட்டுப் போனார்கள். அப்படித் திரும்பி வந்த காப்பிகளில் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்ததை நான்தான் முதலில் பார்த்தேன். எனக்குக் கல்யாணம் நிச்சயம் செய்துவிட்டார்கள், என்ன செய்ய என்று ஒரு கை எழுதியிருக்கும், அந்தப் பெண்ணிடம் முதலில் உண்மையைச் சொல் என்று அதன் கீழே இன்னொரு கை எழுதியிருக்கும். ஸ்ரீஹரியிடம் காட்டினேன். அவர் அந்தக் காப்பிகளை எல்லாம் வாங்கிப் போய், அடுத்த மாதத்திலிருந்து ஓரம் என்று பெயர் வைத்து அவற்றையே ஒரு பகுதியாக அச்சடித்தார். அதைத்தான் எல்லாரும் முதலில் புரட்டுவார்கள். நடுவில் அச்சடித்துக்கொண்டிருந்த பிரஸ்காரர் இனி முடியாது என்று கைவிரித்துவிட, ஐந்து மாதம் பத்திரிகை வரவில்லை. சம்பத் அந்த ஐந்து மாதமும் வந்தார். காலியாக இருக்கிற இடத்தைப் பார்ப்பார், ஒரு தினசரி வாங்குவார், போய்விடுவார். பிறகு சித்தூரில் புருஷன் போனபின் தனியாகப் பிரஸ் நடத்துகிற கிருஷ்ணம்மா ஒத்துக்கொண்டார்கள், இன்று வரை அவர்கள்தான் அச்சடிக்கிறார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் உன் கடிதம். கடையிலேயே பிரித்துப் படித்தேன். பொய் சொல்ல மாட்டேன் யமுனா, முதலில் கோபம்தான் வந்தது, படிக்க வைத்தது தப்பு, அமெரிக்கா அனுப்பியது தப்பு என்று என்னென்னவோ தோன்றியது. கோபம் போனதும் பயம் வந்தது. வயசான காலத்தில் இவளை யார் பார்ப்பார்கள் என்ற பயம், உன் அம்மா ஜெயம்மாவிடம் எப்படிச் சொல்வது என்ற பயம். கடிதத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, ஒன்றரை வருஷமாக என் கடையில் கிடந்த அந்தப் பத்திரிகையை அன்றுதான் முதன்முதலாக உட்கார்ந்து முழுசாகப் படித்தேன். படித்து முடித்து, யாரும் பார்க்காதபோது பென்சிலை எடுத்து ஓரத்தில், என் மகள் அமெரிக்காவில் ஒரு பெண்ணோடு வாழ்வதாக எழுதியிருக்கிறாள், நான் என்ன பதில் எழுத வேண்டும் என்று எழுதினேன். பெயர் போடவில்லை. அந்தக் காப்பியைக் கட்டுக்கு மேலாக வைத்தேன். அடுத்த வாரத்துக்குள் நாலு பதில் இருந்தது. காலை உடைத்து ஊருக்கு இழுத்து வா என்று ஒருவன் எழுதியிருந்தான், அதை வேறு யாரோ பேனாவால் அடித்திருந்தார்கள். சுகமா என்று கேட்டால் போதும் என்று தெலுங்கில் ஒன்று. உங்களிடம் சொல்லியிருக்கிறாளே, என் அப்பாவிடம் நான் சொல்வதற்குள் அவர் போய்விட்டார் என்று ஒன்று. கடைசியாக, பதில் எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள் என்று சின்னச் சின்ன எழுத்தில் ஒன்று, அது சம்பத்தின் எழுத்து. அவர் என் முகத்தைப் பார்த்து ஒரு நாளும் ஒன்றும் கேட்டதில்லை.

அப்படியும் நான் எழுதவில்லை. கடிதாசியை எடுப்பேன், அன்பு மகள் என்று எழுதுவேன், நின்றுவிடும். அதற்குப் பதிலாக வேறொரு வேலை செய்தேன். தோடு பத்திரிகையின் தமிழ்ப் பக்கத்தில் தப்பு ஜாஸ்தி, ஸ்ரீஹரி தெலுங்கு மீடியத்தில் படித்தவர். திருத்திக் கொடுங்கள் என்று முன்பே கேட்டிருந்தார், நான் கடைக்காரன்தானே என்று தட்டிக் கழித்திருந்தேன். இப்போது நானாகவே கொண்டுவாருங்கள் என்றேன். உனக்கு எழுத வேண்டியதை எழுதாமல், அவர்கள் எழுதியதைத் திருத்திக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் உன் அம்மா புத்தூர் நாகேந்திரன் வீட்டுப் பையனுக்கு உன்னைப் பேசி முடித்துவிடுவது என்று இறங்கிவிட்டாள். நீ டிசம்பரில் வந்ததும் நிச்சயம் என்ற அளவுக்குப் போய்விட்டது. வந்து பேசிக்கொள்ளலாம் என்று நீ போனில் சொன்னபோது உன் குரல் எப்படி இருந்தது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேனே, அதுதான் நான் செய்த தப்பு. உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியது அதற்குத்தான்.

போன மாதம் தோடு நாலு வருஷம் முடிந்ததற்கு ஸ்ரீஹரி எட்டுப் பக்கத்தில் சிறப்பிதழ் போட்டார். பத்திரிகையின் கதை முழுவதும் அதில் வந்தது. முதல் இதழ் வெறும் நாற்பது ஜெராக்ஸ் காப்பி என்பதும், குப்பத்துக்குப் போகிற கட்டை ஒரு பஸ் டிரைவர் தன் சீட்டுக்குப் பின்னால் வைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பதும் எனக்கே அதைப் படித்துத்தான் தெரிந்தது. நடுப் பக்கத்தில் ஓரம் பகுதிக்கு வந்த பழைய குறிப்புகளை எழுதினவர்கள் எழுத்திலேயே படம் எடுத்துப் போட்டுவிட்டார். தமிழை நான் திருத்திக் கொடுத்திருந்தேனே தவிர அந்தப் பக்கத்தை நான் பார்க்கவில்லை, சத்தியவேடு பக்கம் சித்தப்பா காரியத்துக்குப் போயிருந்தேன். கடையை அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டை அவள்தான் பிரித்தாள். முப்பது வருஷமாக மளிகைச் சீட்டில் என் எழுத்தைப் பார்க்கிறவளுக்கு அந்த ழகரம் போதாதா. நான் பஸ்ஸை விட்டு இறங்கிக் கடைக்கு வந்தபோது ஷட்டர் பாதி இறங்கியிருந்தது, உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள், பத்திரிகை மடியில். "இது உங்க எழுத்துதான?" என்றாள். ஆமாம் என்றேன். கத்துவாள், தலையில் அடித்துக்கொள்வாள் என்று நான் நின்றுகொண்டிருக்க, அவளோ, "கொயந்தைக்கு ஏதோ பெரிய சீக்கு, நம்மகிட்ட மறைச்சிக்கினு கீறான்னு நெனச்சிக்கினு இருந்தேன். மலை மேல போய் முடி குடுக்கறேன்னு வேண்டிக்கினு கூட இருக்கேன். சீக்கு ஒண்ணும் இல்லதான?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அதன் பிறகுதான் அழுதாள்.

எல்லாம் அன்றைக்கே சரியாகிவிட்டது என்று நினைக்காதே. உன் மேல் இருந்ததை விட என் மேல்தான் கோபம், நாலு நாள் என்னோடு பேசவில்லை, தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். இது மாறாதா என்று தனக்குள் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஐந்தாம் நாள் ஸ்ரீஹரி வந்தபோது அவரை உட்கார வைத்து, இது மாறாதா என்பதிலிருந்து எல்லாவற்றையும் அவரிடம் கேட்டாள்; அந்தக் குறிப்பு என்னுடையது என்பதே அவருக்கு அப்போதுதான் தெரியும். நீங்களும் இப்படி என்று உங்கம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டாள். தெரியும், ஆறு வருஷமாக என்னோடு பேசுவதில்லை என்றார். அம்மா எழுந்து போய் அவருக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். மறுநாள் காலை புத்தூர் பஸ் ஏறினாள், நானும் வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டாள். நாகேந்திரன் வீட்டில், எங்கள் பெண்ணுக்கு இஷ்டம் இல்லை, தப்பு எங்கள் மேல்தான், உங்கள் பிள்ளைக்கு நல்ல இடமாகப் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறாள். அவர்கள் நிறையப் பேசிவிட்டார்கள் போலிருக்கிறது, என்ன பேசினார்கள் என்று என்னிடம் சொல்லவில்லை. வந்தவள் இரண்டு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு வெறும் தரையில் படுத்துச் சாயந்திரம் வரை தூங்கினாள். எத்தனையோ மாதமாக அவள் அப்படித் தூங்கி நான் பார்க்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தேன், எனக்கும் நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. சொந்தக்காரர்கள் கேட்டால் என்ன சொல்வது என்று இன்னும் நாங்கள் முடிவு செய்யவில்லை. கேட்கிறபோது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறோம்.

குளிருக்குக் காதை மூடிக்கொள். பனியில் கார் ஓட்டும்போது போன் பேசாதே. ரீட்டா ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க நிற்கிற வேலை என்று எழுதியிருந்தாய், வீட்டுக்கு வந்ததும் வெந்நீரில் காலை வைக்கச் சொல், நீயும் சமையலில் ஒரு கை கொடு. அவள் மங்களூர்ப் பெண் என்று நான் சொன்னதிலிருந்து மீன் குழம்பில் தேங்காய் அரைத்து ஊற்றினால்தான் சாப்பிடுவாளா என்று அம்மா இரண்டு தடவை கேட்டுவிட்டாள், அதற்கு நீதான் பதில் எழுத வேண்டும். டிசம்பர் டிக்கெட்டை மாற்றாதே, ஆனால் ஒன்றை இரண்டாக்கு. நான் இதை எழுதுவதை அம்மா பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். "ரெண்டு பேரும் ஒண்ணா வரணும், ஒருத்தியா வந்து நின்னா நான் கதவைத் தெறக்க மாட்டேன்னு எழுதுங்க" என்கிறாள். எழுதிவிட்டேன். உங்கள் இருவருக்கும் எங்கள் ஆசீர்வாதம். நோய் நொடி இல்லாமல், ஒருவருக்கு ஒருவர் துணையாக, தீர்க்காயுசாக இருங்கள்.

முக்கியமாக ஒன்று. நகரிக்குப் போய் அம்மா இரண்டு பட்டுப் புடவை எடுத்து வைத்திருக்கிறாள், ஒரே ஜரிகை, கலர் மட்டும் வேறு. உன் அளவு அவளிடம் இருக்கிறது. ரீட்டாவின் ரவிக்கை அளவை உடனே அனுப்பு, டெய்லர் ஒரு மாதம் முன்னாலேயே அளவு வேண்டும் என்கிறான்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
நைனா,
நாகையா