முன்சக்கரமும் இழுக்கிறது, மாப்ள

ரத்த உறவு எதுவும் இல்லாமல் எனக்கு மாப்பிள்ளையாக வாய்த்த ஷாஜகானுக்கு,

நலமா என்று கேட்டு எழுதுவதுதான் வழக்கம். உன்னிடம் எப்படிக் கேட்பது? அங்கே மழை உண்டா? இங்கே ஐப்பசி பிறந்ததிலிருந்து விடாமல் பெய்கிறது. செராமிக் கம்பெனிகளின் புகை மேலே போக மனமில்லாமல் கூரைகளின்மேல் படுத்துக் கிடக்கிறது. இந்த மாதிரி நாளில் எனக்குத் தூக்கமும் விழிப்பும் ஒன்றாகத்தான் இருக்கின்றன. பீங்கானுக்கு அச்சு வார்க்க பிளாஸ்டர் கரைத்துக்கொண்டிருக்கும்போதே நீ வந்து எதிரில் உட்கார்ந்து டீ கேட்கிறாய். நானும் வாங்கிவரச் சொல்ல வாயெடுக்கிறேன்.

ஊர்ச் செய்தி என்றால், சேலம் லைனில் பழைய தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டு அகலப் பாதை போடுகிறார்கள். என் கையிலும் ஒரு செல்போன் வந்துவிட்டது. அதில் உன் நம்பர் என்று ஒன்று இல்லையே என்று சில நேரம் கோபம் வரும். உன்மேல்தான். டீக்கடைக்குப் போனால்கூட “போயிட்டு வரேன் மச்சான்” என்று சொல்லிவிட்டுப் போகிற ஆள் நீ. நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டால் அதற்கு என்ன அர்த்தம்?

சரி, நான் எழுத வந்தது உன் ஜீப்பைப் பற்றி.

நீ போன கொஞ்ச நாளில் பரங்கிப்பேட்டையிலிருந்து மெகருவின் அண்ணன் வந்தார். இத்தா முடிந்ததும் தங்கையைத் தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போவதாகவும், ஜீப்பை விற்றுவிடலாம் என்றும் சொன்னார். நல்ல மனிதர், அக்கறையில் சொன்னதுதான். ஆனால் உன் பெண்டாட்டிக்குப் போக மனமில்லை. புருஷனை இழந்து நாலு மாசம் பத்து நாள் இத்தா இருக்கிற பெண் வெளி ஆண்கள் கண்ணில் படக் கூடாது என்பது உங்கள் வழக்கம். அதனால் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுதான் என்னோடு பேசினாள். இத்தனை வருஷம் பக்கத்து வீட்டிலிருந்து அண்ணே என்று கூப்பிட்ட பெண்ணிடம் கதவைப் பார்த்துப் பேசுவது எனக்கு முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

“அண்ணே, களிமண் குழிக்காரரு என்னா சொல்றாரு?”

“மழையிலயும் குழிக்குள்ள எறங்கி ஏறுற வண்டின்னா வருஷம் பூரா வாடகைக்கு வச்சிக்கிறேங்கிறாரு. இல்லன்னா டிராக்டர் பாத்துக்கிறாராம்மா.”

“அப்ப எறங்கி ஏறுற வண்டியா ஆக்கிக் குடுங்க. அத வித்துட்டு அண்ணன் வூட்டு மூலையில போயி உக்கார்றதுக்கு எனக்கு இஷ்டமில்ல.”

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பிறந்தபோது அது நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி. உனக்கு முன்னால் வைத்திருந்த புண்ணியவான், டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று முன்சக்கரத்துக்கு ஓட்டம் கொண்டுபோகிற ஷாஃப்ட்டைக் கழற்றிவிட்டார். முன் ஆக்ஸிலுக்குள் இருந்த பல்சக்கரங்களையும் எடுத்து விற்றுவிட்டார். கியருக்குப் பக்கத்தில் இருந்த சின்ன லிவர் மட்டும்தான் மிச்சம். தள்ளினாலும் இழுத்தாலும் அதற்கு ஒரு வேலையும் கிடையாது. நீ அதில் சாப்பாட்டுப் பையை மாட்டி வைப்பாய். “கையில காசு சேரட்டும் மச்சான், இதுக்கு உசுரு குடுத்துடலாம்” என்பாய்.

காசு எங்கே சேர்ந்தது? புதுச் சாமான் வாங்குவதென்றால் அந்த ஜீப்பை விற்றுத்தான் வாங்க வேண்டும். மெக்கானிக் தண்டபாணியும் நானும் நெய்வேலிப் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடைக்குப் போனோம். ஏலத்தில் எடுத்த ஜீப்புகள் வரிசையாகக் கோரைப்புல்லுக்குள் கிடந்தன. சீட்டுக்கு நடுவே பூசணிக்கொடி ஏறியிருந்தது. ஒன்றில் முன் ஆக்ஸில் முழுசாக இருந்தது. தண்டபாணி அதன் பற்களை எண்ணிப் பார்த்து, உன் ஜீப்பின் பின் ஆக்ஸிலோடு ஒத்துப்போகிறது என்றார்.

“ஒத்துப்போவலன்னா முன்னாடி ஒரு பக்கம், பின்னாடி ஒரு பக்கம் இழுத்துக்கிட்டு வண்டிய ஒடச்சிரும்ண்ணே. பொண்ணு மாப்ள பொருத்தம் மாதிரிதான் இதுவும்.”

ஷாஃப்ட்டுதான் உன் ஜீப்புக்குத் தகுந்த நீளத்தில் கிடைக்கவில்லை. உடைந்தது இரண்டு கிடந்தது. நல்ல பாதிகளை ஒட்டி ஒன்றாக்கிக்கொள்ளலாம் என்று எடுத்துவந்தோம். தண்டபாணி உன் வீட்டு வாசலில் ஜீப்புக்கு அடியில் படுத்து ஆக்ஸிலை மாட்டிக்கொண்டிருந்ததால் நீளம் அளக்கிற வேலை என்னிடம் வந்தது. அளவு என்றால் எனக்குப் பெருமையில் தலைகால் புரியாது, உனக்குத்தான் தெரியுமே. அச்சு செய்கிறவன் கையை விட்டால் இந்த ஊரில் வேறு யார் கை? நுனி முதல் நுனி வரை பிடித்து அளந்தேன், சீட்டில் எழுதி லேத் பட்டறையில் கொடுத்தேன். லேத்காரரும் வெட்டி, வெல்டு வைத்து, கறுப்புப் பெயின்ட்டும் அடித்துக் கொடுத்தார்.

மாட்டப் போனால் நாலு விரல் நீளம் அதிகம். தண்டபாணி லேத்காரரைத் திட்ட ஆரம்பித்தார். சீட்டை வாங்கிப் பார்த்தால் அவர் அதில் உள்ளபடிதான் வெட்டியிருக்கிறார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. களிமண் சூளையில் வெந்தால் சுருங்கும். அதனால் நாங்கள் எந்த அச்சுக்கும் பத்துக்கு ஒன்று கூட்டித்தான் அளவு எழுதுவோம். இத்தனை வருஷமாக எழுதிய கை, தன்பாட்டுக்குக் கூட்டி எழுதிவிட்டது. அசடு வழிய இதைச் சொன்னேன்.

கதவுக்குப் பின்னாலிருந்து மெகருவின் குரல் வந்தது.

“ஏண்ணே, இரும்பையும் சூளையில வச்சி எடுக்கப் போறீங்களா?”

கேட்டுவிட்டுச் சிரித்தாள். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. நீ போன பிறகு உன் வீட்டிலிருந்து கேட்ட முதல் சிரிப்பு அதுதான். தண்டபாணியும் ஜீப்புக்கு அடியில் கிடந்தபடியே குலுங்கினார். எந்த இடத்தில் அந்தச் சிரிப்பு அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. நாங்கள் இரண்டு பேரும் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தோம். அவள் அழுது முடிக்கும்வரை யாரும் எதையும் தட்டவில்லை.

லேத்காரர் நான் கூட்டியதை வெட்டி எடுத்துவிட்டுத் திரும்ப ஒட்டிக்கொடுத்தார். பிறகு ஆக்ஸிலுக்குள் புது ஆயில், புது சீல். எங்களால் புதுசாக வாங்க முடிந்தது அவ்வளவுதான்.

இத்தா முடிந்த மறுநாள் மழை கொட்டியது. பரங்கிப்பேட்டை பஸ்ஸில் அண்ணனும் வந்து இறங்கினார். இப்படிப்பட்ட மழையில்தான் வண்டியைப் பார்க்க வேண்டும் என்று குழிக்காரர் சொல்லி அனுப்பினார். ஓட்டுவதற்குத் தண்டபாணியைக் கூப்பிட்டு வைத்திருந்தேன். மெகரு வெள்ளைத் துப்பட்டியை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே வந்தாள். நேராகப் போய் ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

“ஏம்மா, நீயா?” என்றேன்.

“அவங்க கத்துக் குடுத்தாங்கண்ணே. மணிமுத்தாறு காஞ்சி கெடக்கும்ல, அந்த மணல்ல. லைசென்ஸும் இருக்குது.”

ஏன் மாப்ள, என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாயா? கேலி பண்ணுவேன் என்று நினைத்தாயா? பண்ணியிருப்பேன்தான். நான் பார்க்காத அந்தக் காட்சி இப்போது அடிக்கடி கண்ணில் வருகிறது. வெயில் தாழ்ந்த நேரம், ஆற்று மணல், அந்தப் பக்கம் பழமலைநாதர் கோபுரம். ஜீப் முதல் கியரில் வட்டம் போடுகிறது. பக்கத்து சீட்டில் நீ எதையும் பிடித்துக்கொள்ளாமல் உட்கார்ந்திருக்கிறாய். வட்டம் முடிவதே இல்லை.

நல்லூர் ரோட்டில் இருக்கிற அந்தக் குழிக்கு எல்லோரும் போனோம். உள்ளே இறங்குவதில் ஒன்றும் இல்லை, இறங்குவதற்கு எந்த வண்டியும் இறங்கும். களிமண் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது பாதி ஏற்றத்தில் பின்சக்கரங்கள் இருந்த இடத்திலேயே சுற்றின. உன் காலத்தில் அந்த இடத்தில்தான் நான் இறங்கித் தள்ளுவேன். பழக்கதோஷம், இறங்கினேன். செருப்பைக் கழற்றி உள்ளே போட்டேன், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்பலகையில் இரண்டு கையையும் ஊன்றினேன். மேட்டில் குடைபிடித்தபடி அவள் அண்ணனும் குழிக்காரரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சக்கரம் சுற்றுவது நின்றது. அவள் கிளட்சை மிதித்து அந்தச் சின்ன லிவரைத் தள்ளியிருக்க வேண்டும். கடக்கென்று ஒரு சத்தம். நான் இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டித் தள்ளினேன். தள்ளுவதற்கு அங்கே எதுவும் இல்லை. நீட்டிய கையோடு களிமண்ணில் குப்புற விழுந்தேன். தலையைத் தூக்கிப் பார்த்தபோது ஜீப் மேட்டின்மேல் நின்று உறுமிக்கொண்டிருந்தது.

அவள் அண்ணன் குடையை மடக்கிவிட்டு ஜீப்பருகில் போய் நின்றார். என்ன பேசிக்கொண்டார்கள் என்று கீழே எனக்குக் கேட்கவில்லை. சாயங்கால பஸ்ஸில் அவர் மட்டும் ஊருக்குப் போனார்.

நான் கொஞ்ச நேரம் அந்தச் சேற்றிலேயே கிடந்தேன் ஷாஜகான். அடி எதுவும் படவில்லை. சந்தோஷம்தான். ஆனால் யாரிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டுமோ அந்த ஆள் இல்லை என்பது அங்கே கிடந்தபோதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது. உன் பெயரைச் சொல்லி அழுதேன். தண்டபாணி வந்து தூக்கிவிட்டார்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். மெகரு கூப்பிட்டால் எந்த மழையிலும் வந்து நிற்பேன். கூப்பிடாமல் அவள் வண்டியில் கை வைக்கமாட்டேன்.

நகக்கண்ணில் இன்னும் களிமண் போகாத உன் மச்சான்,
கலியமூர்த்தி