ஆறு நிறையக் கொம்புகள்

ஓல்ட் குரோ,
செப்டம்பர், ஞாயிறு

அன்பு மகள் லோர்னாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே நல்ல சுகம், நீயும் மாப்பிள்ளை டெக்லனும் ஹோபார்ட்டில் அப்படியே இருக்கவேண்டும் என்பதுதான் காலையில் எழுந்ததும் என் முதல் நினைப்பு. அடுத்த வருஷப் பயணத்துக்கு நீ போட்டு அனுப்பிய திட்டத்தைப் படித்தேன். டொரோண்டோ, மான்ட்ரியல், வான்கூவர் எல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியில் பிறந்த ஊருக்கு இரண்டே ராத்திரியா? நகரங்களை நான் குறை சொல்லவில்லை. அப்பாவுக்கு நெஞ்சில் ஆபரேஷன் நடந்தபோது வான்கூவர் ஆஸ்பத்திரி ஜன்னலில் நின்று, அத்தனை கட்டடங்களிலும் ஒரே நேரத்தில் விளக்கு எரிவதைப் பார்த்து, இவ்வளவு பேருக்கும் யார் சமைக்கிறார்கள் என்று வாயைப் பிளந்தவள்தான் நான். மாப்பிள்ளைக்கு அதையும் காட்டு. ஆனால் மூடுபனி இறங்கினால் இங்கே விமானம் வராது, சாலையும் கிடையாது என்பது உனக்குத் தெரியாததா, இரண்டு ராத்திரியை நம்பி வந்தால் வழியில் வைட்ஹார்ஸ் விமான நிலையத்து நாற்காலியைப் பார்த்துவிட்டுத் திரும்பவேண்டியதுதான்.

அதைவிட, அப்பா படகு ஓட்டவேண்டாம், வீட்டிலேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கலாம் என்று எழுதியிருந்தாய் பார், அதை வாசித்துக் காட்டியதும் மனிதர் முகம் சுண்டிப்போய்விட்டது. "எம் பொண்ணு என்னக் கெழவனாக்கிட்டா, எஃபி" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமலே படுத்தார். மறுநாள் காலை பார்க்கிறேன், பெட்ரோல் கேனைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்கு இறங்குகிறார். எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்றால், "ஆத்துக்கு மேல நம்ம வேட்டைக் கூடாரம் வரைக்கும். வந்ததும் அவளுக்கு எழுது, அப்பனுக்குக் கை இன்னும் இருக்குன்னு" என்கிறார். தனியே விட மனசில்லாமல் நானும் ஏறிக்கொண்டேன்.

வில்லோ மரமெல்லாம் மஞ்சளாகி நிற்கிற நேரம், ஆறு அமைதியாகத்தான் இருந்தது. பெரிய வளைவைத் தாண்டியதும் எதிர்ச்சரிவு முழுக்க அசைவதுபோல் தெரிந்தது, என் கண்தான் மங்குகிறதோ என்று நினைத்தேன். கரிபூ மான்கள், லோர்னா! சரிவே பெயர்ந்து இறங்குவதுபோல் ஆற்றில் இறங்கின. போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் நம் பக்கமே வராத மந்தை. நாங்கள் நடு ஆற்றில். தண்ணீருக்குள் சுழலும் எஞ்சின் இறக்கை நீந்துகிற குட்டிகளைக் கிழித்துவிடும் என்று அப்பா சட்டென்று அதை நிறுத்தினார். அவ்வளவுதான், எங்களைச் சுற்றித் தண்ணீரே தெரியவில்லை, கொம்பும் மூக்கும் மூச்சுப் புகையும்தான். படகின் விளிம்பில் கொம்புகள் உரசுகின்றன. கை நீட்டினால் தொடலாம், நீட்ட எனக்குத் தைரியம் வரவில்லை. ஆறோ எங்களை இழுத்துக்கொண்டு போகிறது, கீழே கரையிலிருந்து சாய்ந்து கிடந்த ஸ்ப்ரூஸ் மரத்தை நோக்கி. அதில் மாட்டினால் படகு கவிழும். அப்பா நீளக் கழியை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார். "உக்காருங்க, நெஞ்சு!" என்று கத்தினேன். "நெஞ்சு கெடக்கட்டும், நீ அந்தப் பக்கம் சாயாத!" என்று அவர் அதட்டினார். கழியை மரத்தில் ஊன்றித் தள்ளினார். கழுத்து நரம்பு புடைக்க இன்னொரு தள்ளு. கிளை என் தலைத்துணியைப் பிடுங்கிக்கொண்டு போயிற்று, படகு தப்பி மணல்திட்டில் போய்த் தட்டி நின்றது.

அங்கேயே இருந்தோம். இரண்டு பக்கமும் அவை கடந்துகொண்டே இருந்தன. தாய்கள் உறும, குட்டிகள் பதில் சொல்ல, கரையேறும் கால்களில் அந்தச் சொடக்குச் சத்தம், ஆயிரம் பேர் விரல் முறிப்பதுபோல. சின்ன வயதிலிருந்து பார்க்கிற எனக்கே உடம்பு சிலிர்த்தது. திரும்பிப் பார்த்தால் உன் அப்பா கன்னத்தில் தண்ணீர். துடைக்கவும் இல்லை.

ஊருக்கு வந்து சொன்னதும் எல்லோரும் துப்பாக்கியோடு கிளம்பினார்கள், இப்போது எல்லா வீட்டிலும் இறைச்சி காய்கிறது. அன்று ராத்திரி சாப்பிடும்போது அப்பா என் தம்பி மகன் வில்ஃப்ரெடைக் கூப்பிட்டு, "அடுத்த வருஷம் படக நீ ஓட்டுடா" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பயந்துவிட்டீர்களா என்று கேட்டேன். "பயமா எனக்கா? இத்தன வருஷம் ஓட்டினேன், தண்ணியயும் கட்டையயும்தான் பாத்தேன். இன்னைக்குத் திட்டுல நின்னப்பதான் அதுங்களப் பாத்தேன். போதும் ஓட்டினது. இனி முன்னால உக்காந்து பாக்கப்போறேன், எம் பொண்ணு பக்கத்துல" என்றார்.

ஆகவே கண்ணு, மான்ட்ரியலை எடுத்துவிட்டு எங்களுக்கு ஒரு வாரம் ஒதுக்கு. நீங்கள் வருகிற வாரத்தில் மந்தை வருமா என்று மாப்பிள்ளை கேட்பார், யாராலும் சொல்லமுடியாது என்று சொல்லிவிடு. முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் இருவருக்கும் அவசியம். கடவுள் உங்கள் வழியெல்லாம் துணை வரட்டும்.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா எஃபி

படகில் அப்பா பக்கத்து இடம் உனக்கு. மாப்பிள்ளை என்னோடு பின்னால் உட்காரட்டும்.